கம்பெனியே மூடிவிட்ட இயங்குதளத்தைப் பயிலகத்தில் போடலாமா?

குடியாத்தத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 57. தட்டச்சும் கம்ப்யூட்டரும் சொல்லித்தரும் பயிலகம் நடத்துகிறார். அதைத் தொடங்கிய கணவர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். பயிலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள். நான்கு, 2004ல் நகையை அடகு வைத்து வாங்கிய பென்டியம் 4, ஒவ்வொன்றிலும் 1 ஜிபி ரேம். மற்ற இரண்டும் பிறகு வாங்கிய கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம். ஆறிலும் சர்வீஸ் கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்). பிள்ளைகள் கொண்டுவரும் பென்டிரைவைச் செருகினால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகிறதாம்.

"அத்தை, எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டுப் புதுசா வாங்குங்க" என்கிறார் சென்னையில் வேலை பார்க்கும் தம்பி மகன். பயிலகத்தின் பழைய மாணவர் ஒருவரோ ஓஎஸ்/2, பீஓஎஸ், அமிகா, ரிஸ்க் ஓஎஸ், ஃப்ரீடாஸ் என்று பழைய இயங்குதளங்களின் பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறார். "விண்டோஸைவிடத் திறமையானவை, பழைய மெஷினுக்கு ஏற்றவை, வைரஸ் வராது, கம்பெனிகள் மூடிவிட்டதால் இலவசம்" என்று அவர் சொல்லியிருக்கிறார். இவற்றின் நிறை குறை என்ன, எதைப் போடலாம் என்பது வாசகியின் கேள்வி. கோடை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதற்குள் முடிக்க வேண்டும். "முன்னறை மெஷினில் முதலில் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதில்தான் என் வீட்டுக்காரர் 1998ல் ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய ஃபீஸ் கணக்கு ஓடுகிறது. கொஞ்ச நாளாக ரசீதில் தேதி மட்டும் 2004 ஜனவரி என்று விழுகிறது" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி இரண்டு வரிகளைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பதற்றமாகிவிட்டது. மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள்.

முன்னறை மெஷினைத் தொடாதீர்கள்

ரசீதில் தேதி மாறுவது உங்கள் கணவர் எழுதிய புரோகிராமின் கோளாறு அல்ல. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சிஆர் 2032 என்ற பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது செத்துவிட்டது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மெஷின் தான் பிறந்த வருஷத்துக்கே திரும்பிப் போகிறது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிடுங்கள்.

ஆனால் பேட்டரிக்கு ஆன அதே வயது ஹார்ட் டிஸ்குக்கும் ஆகியிருக்கிறது. இருபது வருஷம் சுற்றிய டிஸ்கில் புதிய இயங்குதளம் நிறுவுவதும், டிஸ்கின் ஒரு தவறான பகுதியை (பார்ட்டிஷனை) தேர்ந்தெடுத்து எல்லாம் அழிந்துபோவதும் ஒரே நிமிஷ வேலை. என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. காட்பாடியில் ஒரு அரிசி மண்டியின் பதினோரு வருஷக் கணக்கு அப்படித்தான் போனது. ஆகவே டிஸ்கைக் கழற்றச் சொல்லி, அதன் பழைய ஐடிஇ இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டரில் மாட்டி, உங்கள் எக்ஸ்பி மெஷின்கள் தவிர வேறொன்றில் முழு நகல் எடுங்கள். டிபிஎஃப், எஃப்பிடி, சிடிஎக்ஸ், பிஆர்ஜி, எஃப்எக்ஸ்பி என்று முடியும் கோப்புகள் எதையும் விடக் கூடாது. ஃபாக்ஸ்புரோ இருக்கும் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும், இன்னொன்று சென்னையில் தம்பி மகனிடம்.

மூடியைத் திறந்த கையோடு, புராசஸரைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன உருளைகளின் தலையைப் பாருங்கள். கெப்பாசிட்டர் என்பார்கள். தலை தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டுக்கு ஆயுள் அதிகமில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில், ஃபேன் மட்டும் சுற்றும் அறையில் இருந்த மெஷின்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மெஷினில் எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் அது நடுவில் நின்றுபோகும். பழி மட்டும் இயங்குதளத்தின் மேல் விழும்.

உங்கள் மாணவர் சொன்ன மூன்று விஷயங்கள்

அவர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். தமிழில் இந்தப் பெயர்களைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது, எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் மூன்றிலும் திருத்தம் இருக்கிறது.

கம்பெனி மூடினால் மென்பொருள் பொதுச்சொத்து ஆகிவிடாது. ஆள் போனாலும் பட்டா இன்னொருவர் பெயருக்கு மாறுகிற மாதிரி உரிமை கைமாறும், அவ்வளவுதான். பீஓஎஸ்ஸை எழுதிய பீ கம்பெனியின் சொத்தை 2001ல் பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கியது. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புக்குச் சமம். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவின் கீழ் ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபாரத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சலுகை காட்டலாம். நீங்கள் ஃபீஸ் வாங்கி நடத்துகிறீர்கள், அந்தச் சலுகையை நம்ப முடியாது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கடைக்காரர் போட்டுக் கொடுத்த எக்ஸ்பிக்கு உரிமம் இருக்கிறதா என்று இதுவரை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், கடைக்காரர் அல்ல.

வைரஸ் வராது என்பதும் சரியில்லை. அமிகாவில் 1987லேயே எஸ்சிஏ என்ற வைரஸ் பிளாப்பி வழியாகப் பரவியது. விண்டோஸுக்கு முன்னிருந்த டாஸ் இயங்குதளத்தின் உலகத்தைக் கலக்கிய பிரெய்ன் வைரஸ், 1986ல் லாகூரில் பிறந்தது. இன்றைக்கு இந்த இயங்குதளங்களை யாரும் குறிவைப்பதில்லை என்பது உண்மை. பூட்டில்லாத வீட்டில் இத்தனை நாள் திருடன் வரவில்லை என்பது போன்ற பாதுகாப்புதான் அது.

பழைய மெஷினுக்குப் பழைய இயங்குதளம்தான் பொருத்தம் என்பது மூன்றாவது. உங்கள் பட்டியலில் இரண்டு பெயர்கள் உங்கள் மெஷினில் ஓடவே ஓடாது. அமிகா மோட்டரோலா 68000 வகைச் சில்லுக்காக எழுதப்பட்டது, ரிஸ்க் ஓஎஸ் ஆர்ம் சில்லுக்காக. இரண்டும் இன்டெல் பென்டியத்தின் பாஷை பேசாதவை.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

ஓஎஸ்/2 என்றால் எனக்கு 1996 ஞாபகம்தான் வரும். வேலூரில் ஒரு அலுவலகத்தில் அதை நிறுவப் போனேன். சிடி டிரைவ் கிடையாது. பிளாப்பிகள் மட்டுமே இருபதுக்கு மேல். காலை பத்து மணிக்கு ஒன்றாம் நம்பரைப் போட்டேன், பதினெட்டாம் நம்பர் படிக்காமல் நின்றது, மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் டெஸ்க்டாப் வந்தபோது அந்தக் களைப்பெல்லாம் போய்விட்டது.

ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் கூட்டாக உருவாக்கி 1987ல் வெளியிட்டது அது. பிறகு இருவரும் பிரிந்தார்கள், ஐபிஎம் தனியாக 1992ல் 32 பிட்டில் 2.0, 1994ல் வார்ப் 3, 1996ல் வார்ப் 4 என்று கொண்டுவந்தது. ஒரு புரோகிராம் கெட்டால் மற்றவை கெடாது. பின்னால் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னால் தட்டச்சு செய்யலாம். அன்றைய விண்டோஸ் 3.1ல் இதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வொர்க்பிளேஸ் ஷெல் என்ற அதன் டெஸ்க்டாப்பில் எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது: புதிய கடிதம் எழுத வேண்டுமானால், டெம்ப்ளேட் கட்டிலிருந்து மவுஸால் ஒரு தாளைக் கிழித்து மேசையில் போட வேண்டும். ஒரு கோப்பின் நிழலை வேறிடத்தில் வைத்துவிட்டு அசலை எங்கே நகர்த்தினாலும் நிழல் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பல நாடுகளில் ஏடிஎம் இயந்திரங்கள் வருஷக்கணக்கில் அதில் ஓடின, அவ்வளவு உறுதி.

குறை? விசைப்பலகையிலிருந்தும் மவுஸிலிருந்தும் வரும் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். வரிசையின் முதல் ஆள் நகரவில்லை என்றால் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும், திரை மட்டும் உறைந்து கிடக்கும். வெளியே நிற்பவருக்கு மெஷின் செத்ததாகத்தான் தெரியும். இன்னொன்று, விண்டோஸ் 3.1 புரோகிராம்களை ஓஎஸ்/2 அத்தனை நன்றாக ஓட்டியது. "விண்டோஸுக்கு எழுதினால் அதிலும் ஓடப்போகிறது, தனியாக எதற்கு எழுத வேண்டும்" என்று மென்பொருள் எழுதுபவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அதன் பெரிய நிறையே அதற்குக் குழி வெட்டியது. ஐபிஎம் 2005 டிசம்பரில் விற்பனையை நிறுத்தியது, அடுத்த ஆண்டு முடிவோடு ஆதரவையும் நிறுத்தியது. இப்போது ஆர்க்காஓஎஸ் என்ற பெயரில் உரிமத்தோடு 2017 முதல் கிடைக்கிறது. ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. உங்களுக்கு அதில் தமிழும் கிடைக்காது.

பீஓஎஸ்ஸைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. ஆப்பிளிலிருந்து விலகிய ஜான் லூயி காசே தொடங்கிய கம்பெனி. பழசை எதையும் சுமக்காமல் புதிதாக எழுதினார்கள். ஒவ்வொரு வேலையையும் சின்னச் சின்ன இழைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும். அதனால் நாலைந்து வீடியோவை ஒன்றாக ஓட்டினாலும் மவுஸ் சுட்டி தடுமாறாது. அந்தக் காலத்து மெஷினில் அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதைவிட அருமையானது அதன் கோப்பு முறை. உங்கள் பயிலகத்தையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு, அதன் மேல் பெயர், வகுப்பு நேரம், சித்திரை மாத ஃபீஸ் கட்டியாயிற்றா என்று சீட்டு ஒட்டுகிற மாதிரி பண்புகளை ஒட்டலாம். "ஃபீஸ் கட்டாதவர்கள்" என்று தேடி அந்த ஜன்னலைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளை பணம் கட்டி, நீங்கள் சீட்டை மாற்றிய அந்த நொடியே அந்தப் பெயர் பட்டியலிலிருந்து தானாக மறைந்துவிடும். தனியாக டேட்டாபேஸ் புரோகிராமே தேவையில்லை. 1990களில் வந்த யோசனை இது.

1996 இறுதியில் ஆப்பிள் தனக்கொரு புதிய இயங்குதளம் தேடியபோது பீஓஎஸ்ஸும் பந்தயத்தில் இருந்தது. ஆப்பிள் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை வாங்கியது. இன்றைய மேக் அதிலிருந்து வந்தது. தோற்றதற்கு விலை மட்டும் காரணமில்லை. பீஓஎஸ்ஸில் அச்சு வசதி அரைகுறை, நெட்வொர்க் பலவீனம், புதுப்புது ஹார்டுவேருக்கு டிரைவர் கிடையாது. 2001ல் கதை முடிந்ததும் ஆர்வலர்கள் அதைத் திரும்ப முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஹைக்கூ. முழுக்க இலவசம், சட்டப்படியும் இலவசம். முதல் பீட்டா (சோதனைப் பதிப்பு) 2018ல், ஐந்தாவது 2024ல். உங்கள் 1 ஜிபி பென்டியம் 4லேயே ஓடும். உங்கள் மாணவரின் பட்டியலில் இருப்பவற்றில் என் மனசுக்கு நெருக்கமானது இதுதான்.

அமிகா 1985ல் வந்தது. வெறும் 256 கேபி நினைவகத்தில் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்தது. புரோகிராம்கள் செய்தியைப் பிரதி எடுக்காமல் அது இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் கைமாற்றிக்கொள்ளும், அதனால்தான் அந்த வேகம். எல்லோரிடமும் எல்லா அறையின் சாவியும் இருந்ததால், ஒரு புரோகிராம் தவறினால் மெஷினே விழுந்தது. வேகமும் பலவீனமும் ஒரே முடிவிலிருந்து வந்தவை, ஒன்றைத் தொடாமல் மற்றதைத் திருத்த முடியாது. அதை விற்ற கமடோர் கம்பெனி 1994ல் திவாலானது.

ரிஸ்க் ஓஎஸ் கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனத்துடையது. இன்று எல்லோர் கைபேசியிலும் இருக்கும் ஆர்ம் சில்லு பிறந்த வீடும் அதுதான். ரோம் என்ற அழியாத நினைவகச் சில்லிலேயே குடியிருந்ததால் சட்டென்று எழுந்து நிற்கும், எழுத்துகள் வழவழப்பாகத் தெரியும். கோப்பைச் சேமிக்க அதன் படத்தை இழுத்து ஃபோல்டரில் போட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒரு நாளில் பழகிவிடும். ஆனால் ஒரு புரோகிராம் தானாக வழிவிட்டால்தான் அடுத்தது ஓடும், விடாப்பிடியாக நின்றால் எல்லாமே நிற்கும். 2018ல் திறந்த மூலமாகிவிட்டது. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் வாங்கினால் அதில் போடலாம்.

ஃப்ரீடாஸ் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது உங்களுக்கு வேண்டியது.

பல பிள்ளைகள் உட்காரும் நாற்காலி

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு அழகு இருக்கிறது. உங்கள் பயிலகத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை தெரியும். இவையெல்லாம் ஒரு மெஷின், ஒரு ஆள் என்று நினைத்துக் கட்டப்பட்டவை. உங்களிடம் ஆறு மணி வகுப்புக்கு ஒரு பிள்ளை, ஏழு மணிக்கு இன்னொரு பிள்ளை அதே நாற்காலியில் உட்காருகிறது. ஹைக்கூவில்கூட இன்றுவரை ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் என்று நுழைவு கிடையாது. உட்காருபவர் யாராக இருந்தாலும் அவர்தான் வீட்டுக்காரர். ஏழு மணிப் பையன் ஆறு மணிப் பெண்ணின் வேலையை அழிக்கலாம், இயங்குதளத்தையே அழிக்கலாம், தெரியாமலே செய்துவிடலாம்.

இந்தப் பிரச்சினையைத் தீர்த்தது இவற்றைவிடப் பழைய வம்சம். 1969ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ், ஒரே இயந்திரத்தில் பலர் வேலை செய்யும் இடத்தில் வளர்ந்தது. யார் எதைத் தொடலாம், தொடக் கூடாது என்பது அதன் எலும்பில் இருக்கிறது. அந்த வழியில் 1991ல் வந்தது லினக்ஸ். உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். மேலே சொன்னவற்றின் துள்ளல் அதில் இல்லை, ஆனால் பயிலகத்துக்கு வேண்டிய ஒழுங்கு இருக்கிறது.

இன்னொரு சோதனை தமிழ். எந்த இயங்குதளத்தை யார் சிபாரிசு செய்தாலும் "கொ" என்று தட்டிப் பாருங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால், "க" நடுவில் வர வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுத்தைச் சேமிப்பது ஒரு வேலை, அதைச் சரியாகக் கோத்துக் காட்டுவது வேறு வேலை. இந்தப் பழைய இயங்குதளங்கள் தமிழுக்கான அந்த இரண்டாவது வேலையை நினைத்துக்கூடப் பார்க்காத காலத்தில் எழுதப்பட்டவை. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு, லோகித், மீரா இனிமை போன்ற எழுத்துருக்களும் இலவசம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் நீங்கள் அடித்து வைத்த வினாத்தாள்கள் இருக்கும். அந்த எழுத்துருவை நிறுவினால் அப்படியே தெரியும், ஆனால் தமிழ் எழுத்தாகத் தேட முடியாது. சாவகாசமாக ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

லினக்ஸின் குறையையும் மறைக்கக் கூடாது. உங்கள் பென்டியம் 4 மெஷின்கள் 32 பிட், அதாவது பழைய வகைப் புராசஸராக இருந்தால் அங்கேயும் கதவு மூடிக்கொண்டு வருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2023ல் வந்த 12தான் 32 பிட்டுக்கு முழுமையாக நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு, 2025ல் வந்த 13ல் அது இல்லை. ஃபயர்பாக்ஸ் பிரவுசரும் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. ஆகவே அந்த நான்கையும் இன்டர்நெட் இல்லாமல் தட்டச்சுப் பயிற்சிக்கும் லிப்ரேஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளுக்கும் மட்டும் வையுங்கள். அவற்றில் பல மாடல்களின் புராசஸர் மட்டுமே 80 வாட்டை ஒட்டிக் கரண்ட் இழுக்கும். ராஸ்பெரி பை 4 மாதிரிக்குக் கொடுக்கும் அடாப்டரே 15 வாட்தான். கரண்ட் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

என் யோசனை

கோர் 2 டுவோ இரண்டும் 64 பிட். போர்டு ஏற்றுக்கொண்டால் ரேமை 4 ஜிபியாக்கி, சிறிய எஸ்எஸ்டி ஒன்று மாட்டி, டெபியன் 13ஐ எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்போடு போடுங்கள். கோடை வகுப்புக்கு அவை தாங்கும். பிள்ளைகளுக்கு வகுப்புவாரியாகத் தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள், நிர்வாகக் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். பென்டிரைவில் வரும் அந்த ஷார்ட்கட் வைரஸ் அங்கே ஓடாது. அது மறைத்துவைத்த உண்மையான ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகளின் கோப்புகளை அப்படியே மீட்டுக் கொடுக்கலாம்.

ஒரு மெஷினிலாவது உரிமத்தோடு விண்டோஸ் வேண்டும். ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், தேர்வு மையத்தில் என்ன மென்பொருள் இருக்கிறதோ அதில் பிள்ளையின் கை பழகியிருக்க வேண்டும். அவர்கள் ஃபீஸ் கட்டுவது அதற்குத்தான். கம்பெனிகள் கழித்துவிடும் பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கலாம். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அதற்குக் கீழே தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம். இந்த அளவுக்கு உங்கள் தம்பி மகன் சொல்வது சரி. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடைக்குப் போட வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நகையை அடகு வைத்து வாங்கியவை என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒன்றொன்றாக ஓய்வு கொடுக்கலாம்.

பென்டியம் 4ல் கெப்பாசிட்டர் நன்றாக இருக்கும் ஒன்றில் ஹைக்கூ போடுங்கள். அது பாடத்துக்கு அல்ல, ஆர்வமுள்ள பிள்ளைக்கு. விண்டோஸ் என்றால்தான் கம்ப்யூட்டர் என்று நினைத்து வளரும் பிள்ளைக்கு, இதை வேறு மாதிரியும் யோசிக்கலாம் என்று அரை மணி நேரத்தில் புரியும். உங்கள் பழைய மாணவரையே சனிக்கிழமைகளில் வந்து காட்டச் சொல்லுங்கள்.

முன்னறை மெஷினும் ஃபாக்ஸ்புரோவும்

இங்கேதான் ஃப்ரீடாஸ். டாஸை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது 1994ல் ஜிம் ஹால் என்ற மாணவர் தொடங்கிய திட்டம் அது, இன்றும் புதுப்பதிப்பு வருகிறது, இலவசம். பல வேலை ஒரே நேரத்தில் செய்யாது, தமிழ் தெரியாது, பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கணவர் டாஸுக்கான ஃபாக்ஸ்புரோவில் எழுதியிருந்தால், அந்தப் புரோகிராம் எதிர்பார்க்கும் உலகம் அதுதான். எல்பிடி என்ற பழைய பிரிண்டர் போர்ட்டில் மாட்டிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு டிரைவர் இல்லாமலே நேராக அச்சடிக்கும். இன்டர்நெட்டில் இணைக்காமலும், வெளியார் பென்டிரைவோ பிளாப்பியோ செருகாமலும் வைத்தால் வெளியிலிருந்து எந்தத் தொல்லையும் வர வழியில்லை.

நகல் எடுத்து முடித்த பிறகு, வேறொரு டிஸ்கில் ஃப்ரீடாஸ் போட்டு, நகலை அதில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பழைய டிஸ்கைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள், அதில் எதையும் எழுத வேண்டாம். விண்டோஸிலோ லினக்ஸிலோ டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்று ஒன்றைச் சிலர் சொல்வார்கள். அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது, பார்ப்பதற்குப் போதும், தினசரிக் கணக்குக்கு வேண்டாம். என்றாவது புரோகிராம் நின்றுபோனாலும் கணக்கு போகாது. டிபிஎஃப் கோப்புகளை லிப்ரேஆபீஸ் கால்க் அட்டவணையாகவே திறந்து காட்டும்.

இன்னொன்று. பிஆர்ஜி என்று முடியும் கோப்புகள் வெறும் எழுத்துகள்தான், நோட்பேடில் திறந்தாலே வாசிக்கலாம். நட்சத்திரக் குறியில் தொடங்கும் வரிகள் கம்ப்யூட்டருக்காக எழுதியவை அல்ல. இந்த இடத்தில் என்ன செய்கிறேன் என்று எழுதுபவர் தனக்கோ, பின்னால் வருபவருக்கோ விட்டுவைக்கும் குறிப்புகள். உங்கள் கணவருக்கு அந்தப் பழக்கம் இருந்திருந்தால் அவர் எழுதியது அங்கே இருக்கும். நகல் எடுத்த அன்றே அவற்றைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி மாற்றி, நகல் எடுத்ததும் ஒரு வரி எழுதுங்கள். டிஸ்க் படிக்க மறுத்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்க வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு, திரையில் வந்த வாசகத்தை அப்படியே எழுதி அனுப்புங்கள்.